லெதரிலும் ஸ்வேட்டிலும் கறை பட்டால்: வடசென்னை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

லெதர் ஷூவில் கறை பட்டால் என்ன செய்வது என்று தேடினால் வருகிற யோசனைகளில் பாதி, குளிர் நாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை. அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு கிடக்கும், ஈரத்துணியால் துடைத்து வைத்த ஷூ ராத்திரியோடு காய்ந்துவிடும். நமக்குக் கதை வேறு. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலை ஒட்டி இருக்கிற வீடுகளில், ஐப்பசி கார்த்திகையில் துவைத்துப் போட்ட ஜீன்ஸே மறுநாள் சாயங்காலமும் சில்லென்று இருக்கும்போது, உள்ளே ஈரம் புகுந்த ஷூ எப்போது காயும்? காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். இந்த ஊரில் தோல் பொருட்களைக் கெடுப்பதில் கறைக்கு இருக்கிற பங்கைவிட, கறையை எடுக்கிறேன் என்று நாம் ஊற்றுகிற தண்ணீருக்கு இருக்கிற பங்கு அதிகம். கீழே உள்ள எல்லா முறைகளும் இந்தக் கணக்கை வைத்துத்தான்: முடிந்தவரை உலர்ந்த முறையில் எடுப்பது, தண்ணீரைத் தொட்டால் கொஞ்சமாகத் தொடுவது, காய வைக்க நிறைய நேரம் கொடுப்பது.

முதலில் அது என்ன தோல் என்று பாருங்கள்

பெல்ட், பர்ஸ், ஹேண்ட்பேக், சோபா, பைக் ஜாக்கெட் எல்லாவற்றையும் லெதர் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அதில் கணிசமானவை ரெக்சின். ஓரத்தை அல்லது தையல் பிரிந்த இடத்தைப் பாருங்கள். அடியில் துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். நார் நாராக, ஒழுங்கில்லாமல் இருந்தால் தோல். ரெக்சின் என்றால் பெரிய கவலை இல்லை, கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீரில் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்பிரிட் மட்டும் வேண்டாம், மேல்பூச்சு பிசுபிசுத்துவிடும்.

அசல் தோல்தான் என்று தெரிந்தால் அடுத்தது சொட்டு சோதனை. ஷூவின் நாக்குக்கு உள்பக்கம், பையின் அடிப்பக்கம், சோபாவின் பின்பக்கம் என்று யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு முத்து மாதிரி நின்றால் மேலே நிறப்பூச்சு உள்ள தோல். ஆபீஸ் ஷூ, கார் சீட், பெரும்பாலான சோபா இந்த வகைதான், கொஞ்சம் தைரியமாகக் கை வைக்கலாம். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் பூச்சு இல்லாத தோல், கடைக்காரர்கள் அனிலின் என்பார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், விலையும் அதிகம், கறையையும் தண்ணீரைப் போலவே குடித்துவிடும். ஸ்வேட் என்பது தோலின் உள்பக்கத்தை உரசி மயிர்போல எழுப்பியது, நூபக் என்பது மேல்பக்கத்தை உரசியது. நூபக் கொஞ்சம் நைஸாக இருக்கும், மற்றபடி வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றே.

கடுக்காய், ஆவாரம்பட்டை மாதிரி மரப்பொருளில் பதனிட்ட தோல் என்றால் (கனமான பழுப்பு பெல்ட்டும் சில செருப்புகளும் இப்படி இருக்கும்) வெந்நீரையும் ஆவியையும் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் தாங்குகிற சூட்டை இது தாங்காது, சுருங்கி விறைத்துவிடும்.

என்னென்ன வாங்கி வைக்கலாம்

வெள்ளைப் பருத்தித் துணி நிறைய வேண்டும், பழைய வேட்டி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் கிடையாது. கலர் துணி வேண்டாம், அதன் சாயம் தோலுக்குப் போகும். டால்கம் பவுடர் அல்லது சோளமாவு, வெள்ளை வினிகர், மருந்துக்கடையில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட், காது பட்ஸ், பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், பேபி ஷாம்பு, இரண்டு பழைய டூத்பிரஷ், நிறமில்லாத ஷூ க்ரீம். ஸ்வேட் பிரஷ் மட்டும் வீட்டில் இருக்காது. ஒரு பக்கம் ரப்பர் பல்லும் மறுபக்கம் மெல்லிய பித்தளைக் கம்பியும் உள்ளதாக வாங்குங்கள். பெரியமேட்டில் தோல் சாமான் விற்கிற கடைகளில் பிரஷ், க்ரீம், சாயம் மூன்றும் ஒரே நடையில் முடிந்துவிடும், அங்கே என்ன தோலுக்கு என்று கேட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அதனால் பொருளையே கையோடு கொண்டு போவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. நம் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதைத் தொட்டுத் துடைத்தால் காய்ந்தபின் வெள்ளையாக ஒரு கோடு நிற்கும், அதை எடுக்க இன்னொரு சுற்று துடைக்க வேண்டும். குடிக்கிற கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள், ஒரு டம்ளருக்கு மேல் எந்த வேலைக்கும் தேவைப்படாது.

துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கட்டி, சோடா உப்பு மூன்றும் வேண்டாம். பதப்படுத்திய தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஹெச் அளவில் சுமார் 4 முதல் 5. சோப்புக்கட்டி 9, 10 என்று எதிர்ப்பக்கம் நிற்கிற காரம். ஒருமுறை தேய்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரிதான் தெரியும், தொடர்ந்து செய்தால் தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ப் பசை போய் வெடிப்பு விடும். பேபி ஷாம்புவைச் சொன்னது அதற்காகத்தான்.

எண்ணெய்: சால்னா, பஜ்ஜி, அத்தோ

இதுதான் நம் ஊரின் முதல் கறை. பீச் லைன் பக்கம் நின்றுகொண்டே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடும்போது தட்டிலிருந்து வழிகிற பூண்டு எண்ணெய் ஷூ மேல் சொட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சொட்டியதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, டிஷ்யூ பேப்பரை எடுத்துப் பரபரவென்று தேய்ப்பது. வேண்டாம். தேய்த்தால் ஒரு ரூபாய் அளவு கறை உள்ளங்கை அளவாகிவிடும். பேப்பரை மேலே வைத்து அழுத்தி எடுங்கள், புதுப் பேப்பர் மாற்றி மறுபடி அழுத்துங்கள், பேப்பரில் எண்ணெய் ஏறாமல் வரும்வரை. அங்கே அவ்வளவுதான் செய்ய முடியும், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கறை மேல் டால்கம் பவுடரை, கறையே தெரியாத அளவுக்குக் குவித்துப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்துப் பாருங்கள். பவுடர் கட்டி கட்டியாக, மஞ்சள் தட்டி வந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், புதுப் பவுடர் போட்டு இன்னொரு ராத்திரி. சில கறைக்கு மூன்று நான்கு தடவை ஆகும், பொறுமைதான். பவுடர் மேல் ஒரு காகிதத்தை வைத்து, கையில் லேசாகச் சூடு தெரிகிற அளவுக்கு மட்டும் சூடேறிய இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி வைத்து எடுத்தால் எண்ணெய் இளகிப் பவுடருக்கு வரும். பூச்சுள்ள தோலுக்கு இதைச் செய்யலாம், பூச்சில்லாததற்கும் மரப்பட்டைத் தோலுக்கும் வேண்டாம். கோதுமை மாவு, மைதா, அரிசி மாவு எல்லாம் போடச் சொல்வார்கள். ஈரக்காற்றில் பசையாகி இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கரப்பானுக்கு விருந்து.

பவுடர் வேலை முடிந்தபிறகும் லேசாக நிழல் மாதிரி தெரிந்தால், பூச்சுள்ள தோலாக இருந்தால் மட்டும், அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பேபி ஷாம்பு கலக்கி நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடையுங்கள். தண்ணீரை எடுக்கக் கூடாது, நுரை போதும். அடுத்து வெறும் ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த துணி. அனிலின் தோலில் அந்த நிழலை அப்படியே விட்டுவிடுங்கள். சில வாரத்தில் எண்ணெய் தோலுக்குள்ளேயே பரவி ஓரளவு மங்கிவிடும்.

மஞ்சள் கலந்த குழம்பு என்றால் இன்னும் ஒரு சிக்கல். எண்ணெயைப் பவுடர் எடுத்துவிடும், நிறம் நிற்கும். அதன் மேல் சோப்பு பட்டால் சிவந்துவிடும், வெள்ளை வேட்டியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான் மாறும். பயப்பட வேண்டாம், வினிகர் தொட்ட துணியை வைத்தால் மறுபடி மஞ்சளாகும். குர்குமின் ஸ்பிரிட்டில் கரையும், அதனால் பூச்சுள்ள தோலில் பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து, பிழிந்து, கறையை மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். மிச்சத்தை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும், குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கிற நிறம். ஜன்னலோர வெளிச்சம் போதும், உச்சி வெயில் வேண்டாம்.

வியர்வை, உப்பு, மழைத் தண்ணீர்

வாட்ச் ஸ்ட்ராப், பெல்ட்டின் உள்பக்கம், ஷூ ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது பெரும்பாலும் உப்பு. பூஞ்சையா உப்பா என்று சந்தேகம் வந்தால் ஈர விரலால் தொடுங்கள்: உப்பு கரைந்துவிடும், பூஞ்சை பஞ்சு மாதிரி இழுபட்டு முக்கல் வாடை அடிக்கும். உப்புக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, வெள்ளைக்கோடு இருக்கிற இடத்தை மட்டும் துடைக்காமல் அந்தத் துண்டு முழுவதையும், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை, சீராகத் துடைக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கேயே புதுக்கோடு விழும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

நம் பக்கம் பாக்ஸிங் போகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தோல் கிளவுஸை பையிலேயே போட்டு ஜிப்பை மூடி வைத்தால் வியர்வை உப்பு, நாற்றம், பூஞ்சை மூன்றும் சேர்ந்து வரும். வந்த உடனே வெளிப்பக்கத்தைப் பிழிந்த துணியால் துடைத்து, வாயை விரித்து உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றாடிக்கு நேராக வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். உள்ளே சென்ட் அடிப்பதெல்லாம் நாற்றத்துக்கு இன்னொரு நாற்றம் சேர்ப்பதுதான்.

மழையில் நனைந்த ஷூவுக்கும் இதே மாதிரிதான், ஆனால் முதலில் சேற்றைக் காயவிட்டுத் தட்டுங்கள். ஈரச் சேற்றைத் துடைத்தால் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பால்பாயிண்ட் மை, ரத்தம், மற்றவை

மையைப் பார்த்ததும் எடுக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் சாயமாகவே மாறிவிடும். பூச்சுள்ள தோலில் பட்ஸும் ஸ்பிரிட்டும்: பட்ஸை உருட்டுவது போலத் தொட வேண்டும், தேய்க்கக் கூடாது, ஒவ்வொரு தொடலுக்கும் புது முனை. பட்ஸில் மை நிறம் வருகிறவரை தொடரலாம், தோலின் சொந்த நிறம் வர ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் கறை போன இடத்தில் வெளுத்த திட்டு இருக்கும். முடிந்ததும் அந்த இடத்தில் கொஞ்சம் க்ரீம். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள், சமையலறையில் அடுப்பு எரியும்போது இந்த வேலை வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பூச்சையே கரைத்து எடுத்துவிடும், டூத்பேஸ்ட் உரசி எடுத்துவிடும், இரண்டையும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குத் தோல் செருப்போடு போய் மீன் ரத்தம் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் பிழிந்த துணிதான், வெந்நீர் பட்டால் ரத்தம் இறுகிவிடும். வாடைக்கு வினிகர்த் துணி. சூயிங்கமும் மெழுகும் என்றால் ஐஸ்கட்டியை பிளாஸ்டிக் கவரில் போட்டு மேலே வையுங்கள், கெட்டியானதும் ஸ்பூன் பின்பக்கத்தால் நெம்பி எடுக்கலாம். வெளிர் நிறப் பையில் ஜீன்ஸ் சாயம் ஏறியிருந்தால் ஷாம்பு நுரையில் கொஞ்சம் போகும், முழுதாகப் போகாது.

பூஞ்சை

மழைக்காலம் முடிந்து கல்யாண சீசனுக்கு ஷூவை எடுக்கும்போது சாம்பல் பூத்து இருக்குமே, அது. வீட்டுக்குள் தட்டாதீர்கள். மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, உலர்ந்த பிரஷால் தட்டுங்கள், அந்த பிரஷை வேறு எதற்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். அதன்பின் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மறைவான இடத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு, பிழிந்த துணியால் முழுதும் துடையுங்கள். தையல், மடிப்பு, ஷூவின் உள்ளே இருக்கிற அட்டை, எல்லா இடமும். அட்டை கழன்று வந்தால் எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பக்கத்தில் இருந்த பெல்ட், பை எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடுங்கள், ஒன்றில் வந்தால் மற்றதிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விதைகள் தோலுக்குள் இருந்தே தீரும், ஈரம் கிடைத்தால் திரும்ப முளைக்கும், ஆகவே துடைப்பது பாதி வேலைதான், வைக்கிற இடம் மீதி வேலை.

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். பழைய தலையணை உறையில் போட்டு, சுவரை ஒட்டாமல், பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். கடலோர வீடுகளில் தரையை ஒட்டிய தட்டுதான் முதலில் ஓதம் ஏறும். புதுப் பை வாங்கும்போது வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உள்ளே போடுங்கள். பாச்சை உருண்டை தோலைத் தொடக் கூடாது. மழை நாட்களில் வாரம் ஒருமுறையாவது எடுத்து ஒரு மணி நேரம் காற்றாடியில் காட்டினால் முக்கால்வாசிப் பிரச்சினை வரவே வராது.

ஸ்வேட்

ஸ்வேட்டுக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் உலர்ந்த முறைக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். முதலில் எதுவாக இருந்தாலும் முழுக்கக் காயட்டும். காய்ந்ததும் ரப்பர் பல் பக்கத்தால் ஒரே திசையில் வாருங்கள், தூசிதான் பாதிக் கறை. அடுத்து பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், பென்சிலை அழிப்பது போலவே அழியுங்கள். கலர் ரப்பர், வாசனை ரப்பர் வேண்டாம், நிறம் ஏறிவிடும். அதற்கும் போகவில்லை என்றால் துணி முனையில் வினிகர் தொட்டு, ஈரம் தெரியாத அளவுக்கு, ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் மறுபடி வாருங்கள். எண்ணெய்க்கு மேலே சொன்ன அதே பவுடர்தான், ஆனால் ஸ்வேட்டில் பவுடர் மயிருக்கு இடையில் தங்கிவிடும், கறுப்பு ஸ்வேட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், அதனால் தட்டியபின் வாக்யூம் கிளீனர் இருந்தால் உறிஞ்சி எடுங்கள், இல்லையென்றால் செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுக்கலாம்.

உட்கார்ந்து உட்கார்ந்து மயிர் படுத்துப் பளபளப்பாகிவிட்ட இடத்துக்கு ஆவி. தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சில நொடி காட்டி, உடனே பிரஷால் எதிர்த் திசையில் வாரினால் எழுந்து நிற்கும். ஷூவின் அடிப்பாகத்தை ஆவியில் காட்டாதீர்கள், பசை விட்டுவிடும்.

தண்ணீர் சொட்டி வட்ட வட்டமாகத் திட்டு விழுந்திருந்தால், கேட்க விசித்திரமாக இருக்கும், அதற்கு மருந்தும் தண்ணீர்தான். ஸ்ப்ரே பாட்டிலில் கேன் தண்ணீரை எடுத்து அந்தத் துண்டு முழுவதும் மெல்லிய பனி மாதிரி சீராக அடித்து, உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்து வாருங்கள். திட்டின் ஓரக்கோடு கரைந்து சமமாகிவிடும். இதை மழை விட்ட நாளில் மட்டும் செய்யுங்கள். ஷூ பாலிஷ், க்ரீம் எதையும் ஸ்வேட்டில் வைக்க வேண்டாம், மயிர் ஒட்டிப்போய் சாதாரணத் தோல் மாதிரி ஆகிவிடும்.

காய வைப்பது

வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், பிரிட்ஜுக்குப் பின்னால் சூடான இடத்தில் சொருகாதீர்கள். ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால்தான் தோல் சுருங்கி விறைக்கும். நிழல், காற்றாடி, உள்ளே சுருட்டிய தாள், இவ்வளவுதான். வெளிர் நிறப் பொருளுக்குள் செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும், வெள்ளைத் தாள் போடுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், ஈரத்தாள் உள்ளேயே கிடந்தால் காய வைத்ததே வீண். ஷூவைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் அடிப்பாகமும் காயும். மழைக்காலத்தில் நன்றாக நனைந்த ஷூவுக்கு இரண்டு மூன்று நாள் கொடுங்கள், வெளியே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் உள்ளே விரல் பகுதி வரை கைவிட்டுப் பாருங்கள்.

முழுதாகக் காய்ந்தபிறகு, ஸ்வேட் இல்லாத தோலுக்கு, நிறமில்லாத க்ரீமைப் பட்டாணி அளவு எடுத்துத் துணியில் தடவிப் பரப்பி, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள். அழுக்கு இருக்கும்போதே பாலிஷ் போட்டால் அழுக்கைப் பூட்டி வைக்கிற வேலை. தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும், வெளிர் தோல் கருக்கும், தெருப்புழுதி முழுக்க அதில் வந்து ஒட்டும்.

வீட்டில் முயல வேண்டாத சில

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட எண்ணெயோ சாக்கடைத் தண்ணீரோ ஊறிய ஷூவையும் மெத்தை வைத்த சோபாவையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கையுறை போட்டு எடுத்து அப்புறப்படுத்துங்கள். பவுடர் எல்லாம் அதற்கு எந்த மூலைக்கு.

விலை கூடிய அனிலின் பையில் மை, வெளிர் ஸ்வேட்டில் மஞ்சள், ஸ்பிரிட் வைத்து ஏற்கெனவே நிறம் போன இடம், இவற்றை வெளியில் கொடுத்துவிடுவது நல்லது. சின்ன நிறக்குறை என்றால் தெருமுனையில் செருப்பு தைக்கிற அண்ணனிடமே சாயம் இருக்கும், கறுப்பும் பழுப்பும் அவர் அசத்தலாகப் பொருத்துவார்; வேறு நிறம் என்றால் பெரியமேடு போக வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் என்ன கறை, வீட்டில் என்னென்ன வைத்துப் பார்த்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்பிரிட் பட்ட இடமும் க்ரீம் ஏறிய இடமும் சாயத்தை வேறு வேறு மாதிரி பிடிக்கும், முன்பே தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி முதலில் சுத்தம் செய்துவிட்டு நிறம் வைப்பார்.